காருக்கு அடியில் இரண்டு கறை: கியர்பாக்ஸை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியை ஒரு தடவை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். சென்னையில் ஓடும் 2013 மாடல் டீசல் கார், 90,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), திருவிழா என்று செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டுக்கு வரும்போது மட்டும், மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் இரண்டு கறை. ஒன்று முன்பக்கம் இடது ஓரத்தில்; காய்ந்ததும் செம்பழுப்பாக வளையம் விழுகிறது. இன்னொன்று இன்ஜினுக்குச் சற்றுப் பின்னால்; கறுப்பு, காயவே மாட்டேன் என்கிறது. ஒரு மெக்கானிக், ரியர் ஆயில் சீல் (இன்ஜினின் பின் முனையில், கியர்பாக்ஸ் பக்கம், ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், ஏசி தண்ணீர்தான், பேசாமல் ஓட்டுங்கள் என்கிறார். கடைசியாக, போகிற போக்கில், கூலன்ட் (இன்ஜினைக் குளிரவைக்கும் திரவம்) பாட்டிலில் அவ்வப்போது கொஞ்சம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்தக் கடைசி வரிதான். கண்ணுக்குத் தெரிகிற இரண்டு கறையாலும் உங்கள் வண்டி நடுரோட்டில் நிற்கப்போவதில்லை. தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் குறைந்துகொண்டிருக்கிறதே கூலன்ட், அது நிறுத்திவிடும். அதற்கு வருகிறேன். முதலில் மெக்கானிக்குகள் சண்டையைத் தீர்ப்போம்.

இரண்டு பேரும் சொல்வது ஒரே கறையைப் பற்றி அல்ல என்று நினைக்கிறேன். ஒருவர் முன் கறையைப் பார்த்திருக்கிறார், ஒருவர் பின் கறையை. இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதால்தான் குழப்பம்.

சென்னையில் ஒழுகாதது ஊரில் ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் சென்னையிலும் ஒழுகுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், ஏற்கெனவே பத்து வண்டியின் எண்ணெய் ஊறிய சிமெண்ட் தரையில் யார் பார்த்தது? இங்கே வெளிர் நிற ஆத்தங்குடி டைல்ஸ் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் பளிச்சென்று தெரிகிறது. அதோடு, சென்னையில் வண்டி அலுவலகம் வரை போய்த் திரும்புகிறது. ஊருக்கு வரும்போது 400 கிலோமீட்டருக்கு மேல் இன்ஜின் ஆறாமல் ஓடுகிறது. ஆயில் இளகித் தண்ணீராக இருக்கும், அடியில் அடிக்கும் காற்று அதைப் பின்னால் தள்ளிக்கொண்டே வரும். மூன்றாவது, செட்டிநாட்டு வீடுகள் தரையிலிருந்து நன்றாக உயர்த்திக் கட்டியவை. முகப்புக்கு ஏற்றும் சரிவில் முன்பக்கம் தூக்கியபடி வண்டி நின்றால், மட்டமான தரையில் உள்ளே தேங்கி நிற்கும் ஆயில் பின்பக்கமாக வழிந்து இறங்கும். அடுத்த முறை மட்டமான இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கறை இடம் மாறினால் அதுவே ஒரு தகவல்.

இனி, என்ன திரவம் என்று கண்டுபிடிப்பது. நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கூலன்ட் பச்சையாக, சிவப்பாக, நீலமாக, ஆரஞ்சாக எப்படியும் வரும். டீசல் வண்டியின் இன்ஜின் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். நம் ஊர் மண் வேறு நிறத்தைக் கெடுக்கும். வண்டியின் அடிவயிறு முழுக்கச் செம்மண் புழுதி அப்பிக் கிடக்கும். ஏசியிலிருந்து வரும் சுத்தமான தண்ணீர் அந்தப் புழுதி வழியாக இறங்கினால் டீ மாதிரிதான் சொட்டும், காய்ந்தால் பழுப்பு வளையம். உங்கள் முன் கறை இதுதான் என்பது என் கணிப்பு. வலப்பக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாய் பெரும்பாலும் இடது பக்கம், முன் பயணியின் காலடிக்கு நேர் கீழே வரும்.

நிச்சயப்படுத்த ஒரு வழி இருக்கிறது. ராத்திரி வண்டியை நிறுத்தியதும் அடியில் பெரிய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் போடுங்கள். நான்கு சக்கரமும் எங்கே நிற்கிறது என்று அட்டையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் காலையில் எந்தச் சொட்டு எதற்கு நேர் கீழே என்று தெரியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சியிடம், முகப்பைக் கழுவிவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். விடிந்ததும் தண்ணீர் தெளித்துச் சாட்சியைக் கழுவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம்.

காலையில் ஈரமாக இருக்கும் சொட்டை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்து முகருங்கள். ஒரு சொட்டை டம்ளர் தண்ணீரில் விடுங்கள். வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் ஆயில் அல்லது டீசல். டீசலை மூக்கே சொல்லிவிடும். தண்ணீரோடு கலந்து மறைந்தால் கூலன்ட், பிரேக் ஆயில், வைப்பர் தண்ணீர், ஏசித் தண்ணீர் இவற்றில் ஒன்று. கூலன்ட் விரலுக்கிடையில் வழுவழுவென்று இருக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், அதில் இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம். நாய், பூனை நக்கினால் செத்துப்போகும். அதனால் கூலன்ட் குட்டையாக நின்றால் உடனே கழுவிவிடுங்கள். கியர் ஆயில் என்றால் தேன் நிறம், கெட்டி, கந்தக நாற்றம். ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இரண்டு திரவங்களுக்கு மட்டும் ஆராய்ச்சி வேண்டாம். ஒன்று பிரேக் ஆயில். சக்கரத்தின் உட்புறமோ பெடலுக்கு மேலேயோ ஈரம் இருந்து, பிரேக் ஆயில் டப்பாவில் அளவும் குறைந்திருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். (பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் அளவு மெதுவாக இறங்குவது வேறு, அது இயல்பு.) இன்னொன்று எரிபொருள். பெட்ரோல் தரையில் கறையே வைக்காமல் ஆவியாகிவிடும், வாடை மட்டும்தான் மிஞ்சும். மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் வண்டிகளில் இதற்கு முதல் சந்தேகம் எலி மேல். பெரிய வீட்டு எலிக்கு ரப்பர் ஹோஸ் என்றால் கொண்டாட்டம். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. விரலால் அழுத்தினால் வெடிப்பு தெரிகிற ஹோஸை, ஒழுகும் வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

சரி, உங்கள் கறுப்புக் கறை. தாளில் ஒற்றினால் கறுப்பாக ஊறும், தண்ணீரில் மிதக்கும் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இன்ஜின் ஆயில். ஆனால் "இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஈரம், ஆகவே ரியர் சீல்" என்பது அவசர முடிவு. ஆயில் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. கசிந்த ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். கடைசியில் ஏதாவது ஒரு போல்ட் தலையிலோ, இன்ஜினுக்கு அடியில் மறைப்பாக மாட்டியிருக்கும் அடித்தட்டின் பின் விளிம்பிலோ சேர்ந்து அங்கிருந்து சொட்டும். ஆகவே சொட்டு விழும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும் தேட வேண்டும். ஈரம் எந்த உயரத்தில் தொடங்குகிறதோ, அதுதான் இடம்.

உங்கள் மாதிரி டீசல் வண்டிகளில் நான் முதலில் பார்க்கிற இடம் வேக்குவம் பம்ப். டீசல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதியை லேசாக்கும் பாகம்) வேக்குவம் தருவதற்குத் தனிப் பம்ப் இருக்கும். பல இன்ஜின்களில் அது கேம் ஷாஃப்ட்டின் கடைசியில், சரியாகக் கியர்பாக்ஸுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். அதன் ஓ-ரிங் காய்ந்து கசிந்தால், ஆயில் இன்ஜினின் பக்கவாட்டில் மெல்லிய கோடாக இறங்கி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் கூட்டின் மேல் வழிந்து, அடியில் இணைப்பு வழியாகச் சொட்டும். கீழே படுத்துப் பார்ப்பவருக்கு அச்சு அசலாக ரியர் சீல் மாதிரியே தெரியும். மேலிருந்து செல்போனை வீடியோவில் போட்டு, ஃபிளாஷை எரியவிட்டு, பேட்டரிக்குப் பின்னால் நுழைத்துப் பாருங்கள். கிளட்ச் கூட்டின் மேல்பகுதி புழுதியோடு உலர்ந்திருந்தால் மேலே குற்றமில்லை. அங்கே கறுப்பு ஈரக் களிம்பு இருந்தால் கசிவு மேலேதான். அதைச் சரி செய்யக் கியர்பாக்ஸைத் தொட வேண்டியதில்லை.

அடுத்த சந்தேகம் டேப்பட் கவர் பேக்கிங், அதாவது இன்ஜினின் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் பட்டை. முன்பக்கம் கசிந்தால் எல்லோர் கண்ணிலும் படும். பின்பக்கம், டேஷ்போர்டை ஒட்டிய பக்கம் கசிந்தால் யாருக்கும் தெரியாது. அப்புறம் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் குழாய், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், ஆயில் சேம்பர் பேக்கிங், டிரெய்ன் போல்ட் வாஷர். டிரெய்ன் போல்ட் வாஷரை ஒவ்வொரு ஆயில் சர்வீஸிலும் புதிதாகப் போட வேண்டும். பல இடங்களில் பழையதையே திருகிவிடுகிறார்கள். கடைசியாக ஆயில் மாற்றியபோது கீழே சிந்தியது அடித்தட்டில் தேங்கி, வாரக்கணக்கில் சொட்டுவதும் உண்டு. அது கசிவே அல்ல.

இத்தனை சந்தேகத்துக்கும் ஒரே மருந்து கழுவுவது. அடித்தட்டைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பிறகு டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு அடியை முழுக்கச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, வயர் கனெக்டர்கள் மேல் நேராகத் தண்ணீர் அடிக்கக் கூடாது. காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகப் பவுடரைத் தூவிவிடலாம். காரைக்குடி போய்த் திரும்பி வந்து பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஆயில் எங்கே கோடு கிழித்திருக்கிறதோ அதன் உச்சிதான் கசிவு. அதிலும் பிடிபடாவிட்டால், ஆயிலில் சாயம் கலந்து, சில நாள் ஓட்டிவிட்டு, புற ஊதா டார்ச் அடித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. கசிகிற இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். ஆயிலுக்கு ஒரு சாயம், கூலன்ட்டுக்கு வேறு சாயம். மாற்றி ஊற்றிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கழுவாமல், பார்க்காமல் சீல் மாற்றுகிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போலத்தான்.

சீலைக் குறை சொல்லும் முன் இன்னொன்று: இன்ஜின் மூச்சுவிடும் குழாய். சிலிண்டரிலிருந்து கீழே இறங்கும் வாயுவை இந்தக் குழாய்தான் திரும்ப உள்ளே அனுப்புகிறது. அதில் கசடு அடைத்துக்கொண்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, இருக்கிற சீல்களில் பலவீனமானதன் வழியாக ஆயிலைத் தள்ளும். புது சீல் போட்டாலும் அதையும் தள்ளும். வண்டி ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேலேயே சும்மா வையுங்கள். டீசலில் லேசாகத் துள்ளுவது இயல்பு. மூடியையே தூக்கியெறிகிற மாதிரி புகையோடு அடித்தால் மூச்சுக் குழாயையோ பிஸ்டன் ரிங்கையோ பார்க்க வேண்டும். ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கையும் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஆயில் இருந்தால் அதுவே கசிவுக்குக் காரணமாகலாம். சிலர் போகிற வழியில் இருக்கட்டும் என்று அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிடுவார்கள்.

எல்லாம் உலர்ந்திருந்து, கிளட்ச் கூட்டின் அடி ஓட்டை வழியாக மட்டும் ஆயில் வருகிறதா? அப்போது ரியர் சீல் என்று ஒப்புக்கொள்ளலாம். அப்போதும் முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றமுள்ள தேன் நிற ஆயில் என்றால் அது கியர்பாக்ஸ் சீல், இன்ஜின் சீல் அல்ல. எதுவானாலும் கியர்பாக்ஸ் இறங்கியே ஆக வேண்டும். கூலி அதற்குத்தான் ஆகிறது, சீலின் விலை சொற்பம். ஆகவே கையோடு இரண்டு சீலையும் மாற்றி, கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் நிலையையும் பார்த்துவிடுங்கள்.

அவசரமா என்றால், அளவைப் பொறுத்தது. சுமார் 20 சொட்டு சேர்ந்தால்தான் 1 மில்லி. ராத்திரிக்குப் பத்துச் சொட்டு விழுந்தால் அரை மில்லி. ஒரு லிட்டர் போக ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும். டைல்ஸில் உள்ளங்கை அகலக் கறையைப் பார்த்துப் பதற வேண்டாம். பல கார்களில் டிப் ஸ்டிக்கின் இரு கோடுகளுக்கு நடுவே ஏறக்குறைய 1 லிட்டர் இடைவெளி. மாதம் ஒரு முறை பார்த்து அளவு அசையவில்லை என்றால் அடுத்த கிளட்ச் வேலை வரும் வரை விட்டுவையுங்கள் என்றே நான் சொல்வேன். கிளட்ச் வழுக்கினாலோ, கருகிய வாடை வந்தாலோ, டர்போ பக்கம் சூடான குழாய் மேல் ஆயில் சொட்டிப் புகை வந்தாலோ கதை வேறு. அப்போது தள்ளிப்போடக் கூடாது.

பழைய அம்பாசடர் இன்னும் சில வீட்டுக் கொட்டகைகளில் நிற்கிறது. அந்த 1489 சிசி இன்ஜினில் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் வெட்டிய திருகு வரிதான் சுழலும்போது ஆயிலை உள்ளே தள்ளும். நின்றுவிட்டால் தள்ள ஆளில்லை, ஆகவே கொஞ்சம் சொட்டும். அந்த வண்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைப்பதே போதுமான வைத்தியம்.

டைல்ஸில் விழுந்த எண்ணெய்க் கறையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்ட்டில் செய்தது, எண்ணெயைக் குடிக்கும். பாத்ரூம் ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சிமெண்ட்டையும் அதன் மேல் இருக்கும் நிறத்தையும் அரித்துவிடும். ஈரம் இருக்கும்போதே சுண்ணாம்புக்கட்டித் தூளையோ உலர் சிமெண்ட்டையோ கனமாகக் கொட்டி, ஒரு ராத்திரி விட்டு, உலர்ந்தபடியே கூட்டி எடுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர்.

இப்போது கூலன்ட். மூடிய அமைப்பு அது. நல்ல வண்டியில் மாதக்கணக்கில் அளவு அசையக் கூடாது. குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது. தரையில் தெரியாததற்குக் காரணம், சிறு கசிவு சூடான இன்ஜின் மேலேயே ஆவியாகிவிடும். ஆனால் தடயம் விட்டுப்போகும்: கூலன்ட்டின் நிறத்திலேயே காய்ந்த உப்புப் பொருக்கு. பகலில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஹோஸ் கிளிப்கள், தெர்மோஸ்டாட்டின் பிளாஸ்டிக் கூடு, ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பு எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். கடைசியாக வாட்டர் பம்ப். அதன் உடலில், ஷாஃப்ட்டுக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனா முனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் கூலன்ட் அந்தத் துளை வழியாக வெளியே வரட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். துளையின் கீழ் உதட்டில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ கண்ணீர்க் கோடு இருந்தால் பம்ப் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அடைத்தால் கூலன்ட் பேரிங்குக்குள் போய் அதையும் தின்றுவிடும்.

சில கசிவுகள் இன்ஜின் ஆறினால் மட்டும் வரும், ஹோஸும் கிளிப்பும் சுருங்கி இடைவெளி விடும்போது. சில, சூடேறி அழுத்தம் வந்தால் மட்டும். ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று எழுதியிருப்பது அந்த அழுத்தம், பார் கணக்கில். ரேடியேட்டர் கடையில் பிரஷர் டெஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறிய இன்ஜினில் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் கையால் பம்ப் செய்து, கால் மணி நேரம் விட்டால் போதும். முள் இறங்கினால் வெளியில் எங்கே ஈரம் பூக்கிறது என்று பார்க்கலாம். முள் இறங்கியும் வெளியில் ஈரமே இல்லை என்றால் உள்ளே போகிறது: ஹீட்டர் கோர் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டரின் சிறு ரேடியேட்டர்) என்றால் காலடிக் கம்பளம் நனையும், கண்ணாடியில் பிசுபிசுப்பாகப் பனி படியும், இஜிஆர் கூலர் (இன்ஜினுக்குள் திரும்பப் போகும் புகையைக் குளிரவைக்கும் பாகம்) என்றால் வெள்ளைப் புகை, ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் தகடு) என்றால் ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறக் களிம்பு. காலடி நனைந்தது என்றதுமே ஹீட்டர் கோர் என்று பயப்பட வேண்டாம், ஏசித் தண்ணீர்க் குழாய் அடைத்தாலும் இதே இடம் நனையும். தொட்டுப் பாருங்கள், வழுவழுப்பும் இனிப்பு வாடையும் இல்லாவிட்டால் தண்ணீர்தான், குழாயைக் குத்திவிட்டால் முடிந்தது.

அதுவரை குறைகிறதை போர் தண்ணீரால் நிரப்பாதீர்கள், உள்ளே உப்புப் படியும். அதே வகைக் கூலன்ட், இல்லாவிட்டால் டிஸ்டில்டு வாட்டர்.

ஆகவே வரிசை இதுதான்: சென்னை திரும்பும் முன் காரைக்குடியிலேயே பிரஷர் டெஸ்ட், அப்புறம் அடியைக் கழுவி ஆயில் பாதையைப் பார்ப்பது, கியர்பாக்ஸ் கடைசியில், தேவைப்பட்டால். டெஸ்ட் செய்ய முடியாமல் கிளம்ப நேர்ந்தால், காலையில் ஆறிய இன்ஜினில் அளவைப் பார்த்து நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், வழியில் சூட்டு முள்ளின் மேல் ஒரு கண் இருக்கட்டும். முள் நடுவைத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை நிறுத்திவிடுங்கள். அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்ற ஆசையில்தான் ஹெட் வளைகிறது. முழுக்க ஆறும் வரை மூடியில் கை வைக்க வேண்டாம். ஆறிய பிறகும் தடித்த துணி போட்டுப் பிடித்து, கொஞ்சமாகத் திருகி, சீறல் அடங்கிய பிறகு முழுக்கத் திறவுங்கள்.